அங்கி முதல் வெயிஸ்ட்கோட் வரை: கொள்ளிடக் கரையில் தைத்த துணியின் கதை

அரியலூர் மாவட்டத்தின் தென்பகுதியில், கொள்ளிடத்தின் வடகரைப் பக்கம் இருக்கிறது ஏலாக்குறிச்சி. அடைக்கல மாதா கோயிலுக்கு வருகிறவர்கள் இந்த ஊரை வீரமாமுனிவரோடு சேர்த்தே நினைக்கிறார்கள். இத்தாலியில் 1680-இல் பிறந்த அந்த முனிவர், கொன்ஸ்தான்சோ பெஸ்கி என்ற இயற்பெயரோடு 1710-இல் கோவாவில் வந்திறங்கினார். பிறகு தமிழ்நாட்டுக்கு வந்து, இந்த ஊருக்குத் திருக்காவலூர் என்று பெயர் வைத்து, அதன் மேல் ஒரு கலம்பகமும் பாடினார். தேம்பாவணி, சதுரகராதி, தொன்னூல் விளக்கம் என்று அவர் எழுதியவற்றைப் பற்றி நிறையப் பேசியாயிற்று. அவர் என்ன உடுத்தினார் என்ற கேள்வியும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய ஒன்றுதான்.

அதற்கு விடை சொல்பவர் புதுச்சேரி முத்துசாமிப் பிள்ளை. சென்னைக் கோட்டைக் கல்லூரியில் பணியாற்றிய அவர், முனிவரின் நூல்களைத் தேடி ஊர் ஊராக அலைந்து, 1822-இல் அவருடைய வரலாற்றை எழுதினார். முனிவர் வெளியே புறப்படும் கோலத்தை அதில் ஒவ்வொன்றாக அடுக்கிக் காட்டுகிறார். நீண்ட அங்கி, தலையில் வெள்ளைப் பாகை, காதில் முத்துக் கடுக்கன், விரலில் மோதிரம், கையில் பிரம்பு, ஏறிப்போகப் பல்லக்கு, அதில் விரித்த புலித்தோல். பிற்கால ஆய்வாளர்கள் சிலர் இதில் பாதியாவது கேள்விவழிக் கதை என்றார்கள். அப்படியே இருந்தாலும் ஒரு செய்தி மிச்சமிருக்கிறது. கொள்ளிடக் கரை மக்கள் ஒரு பெரிய மனிதரை மனத்தில் நிறுத்திப் பார்த்தபோது, தைத்த மேலாடை போட்டவராகத்தான் பார்த்தார்கள்.

வெயில் மண்டையைப் பிளக்கும் இந்தப் பூமியில் தைத்த துணி, அதிலும் கம்பளித் துணி, என்ன வேலை செய்தது? குளிருக்காக அதைப் போட்டவர்கள் இங்கே குறைவு. மதிப்புக்காக, பதவிக்காக, பயணத்துக்காகப் போட்டவர்கள்தான் அதிகம். இன்று வீட்டுத் தையல் மெஷினில், பழைய கோட்டைப் பிரித்து, அந்தக் காலத்து மாதிரியில் ஒரு கம்பளி வெயிஸ்ட்கோட் தைத்துக்கொள்கிறவர், தெரிந்தோ தெரியாமலோ, முந்நூறு ஆண்டுக் கதை ஒன்றின் நுனியைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்.

தைப்பது தெரியும், உடுத்துவது குறைவு

தமிழர்களுக்குத் தையலே தெரியாது, வெள்ளைக்காரன் வந்துதான் ஊசி கொடுத்தான் என்று சொல்வது தவறு. முல்லைப்பாட்டில் அரசனின் பாசறையைக் காக்கும் யவனர்கள் உடம்பை மூடிய சட்டையோடு வருகிறார்கள். சிலப்பதிகாரம் புகார் நகரத்துத் தொழிலாளர்களை வரிசைப்படுத்தும்போது துன்னகாரரையும் சேர்த்துச் சொல்கிறது. துணி தைப்பவர்கள் என்பது உரைகாரர்கள் தரும் பொருள். காவிரி கடலில் கலக்கும் பட்டினத்தில் தையற்காரருக்கு வேலை இருந்திருக்கிறது.

ஆனாலும் ஊர்மக்கள் வேட்டியும் மேல்துண்டும் சேலையுமாகவே இருந்தார்கள். அதற்குக் காரணம் உண்டு. தறியிலிருந்து இறங்கிய துணியை அப்படியே சுற்றிக்கொண்டால் காற்று உள்ளே வரும். ஆற்றில் அலசிக் கரையில் விரித்தால் ஒரு நாழிகையில் காய்ந்துவிடும். ஒரே துண்டு தலைப்பாகையும் ஆகும், விரிப்பும் ஆகும், மூட்டையும் ஆகும். பூசைக்கும் சடங்குக்கும் தைக்காத துணியே சுத்தம் என்ற எண்ணமும் ஆழமாக வேரூன்றியிருந்தது. கோயிலுக்குள் ஆண்கள் சட்டையைக் கழற்றும் வழக்கம் இன்றும் பல ஊர்களில் இருக்கிறது.

விஜயநகரக் காலத்தில் அரசவை உடுப்பு மாறியது. லேபாட்சிக் கோயில் விதானத்து ஓவியங்களில் அரசவையினர் நீண்ட தைத்த அங்கியும் உயரமான குல்லாயும் அணிந்து நிற்கிறார்கள். மேற்கு ஆசியாவரை பரவியிருந்த அரசவை நாகரிகம் அது. அரசன் முன் போகும்போது அங்கி, வீட்டுக்கு வந்தால் வேட்டி என்ற இரட்டை வழக்கம் நாயக்கர் காலத்துத் தமிழ்நாட்டுக்கும் வந்து சேர்ந்தது.

ஏசு சபைத் துறவிகள் வந்து நுழைந்த உலகம் இதுதான். மதுரைக்கு 1606-இல் வந்த ராபர்ட் தெ நொபிலி, பரங்கியர் என்ற பெயர் தன் மேல் ஒட்டக் கூடாது என்று கறுப்பு அங்கியையும் தோல் செருப்பையும் விட்டுக் காவிக்கு மாறினார். எதை உடுத்தினால் இந்த மக்கள் தன் சொல்லைக் கேட்பார்கள் என்ற கேள்வி மதுரை மிஷனில் அவருக்குப் பின் வந்த ஒவ்வொருவர் முன்னாலும் நின்றது. அரியலூர் மழவராயர் ஆட்சிப் பகுதியில் கோயில் கட்டிய வீரமாமுனிவர் முன்னாலும்தான். மழவராயருக்கு வந்த ராஜபிளவை என்ற கட்டியை முனிவர் குணப்படுத்தினார், அதற்கு நன்றியாக மன்னர் நிலம் கொடுத்தார் என்பது ஏலாக்குறிச்சியில் வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு. அரசரிடம் போய் வந்தவருக்கு அரசவைக்கு ஏற்ற அங்கியை ஊர் நினைவு போர்த்திவிட்டதில் வியப்பில்லை.

சிக்கனத்துக்காகப் பிறந்த உடுப்பு

வெயிஸ்ட்கோட் பிறந்த தேதியை ஏறக்குறைய நாள் கணக்கில் சொல்லிவிடலாம். லண்டனில் 1665-இல் கொள்ளைநோய். 1666 செப்டம்பரில் நகரமே எரிந்தது. அடுத்த மாதம் அரசர் இரண்டாம் சார்லஸ், இனி தானும் அவையினரும் ஒரு புதிய உள்கோட்டு அணியப்போவதாக அறிவித்தார். சாமுவேல் பெப்பிஸ் அக்டோபர் 8-ஆம் தேதி நாட்குறிப்பில் இதை எழுதிவைத்தார். பிரபுக்களுக்குச் சிக்கனம் கற்றுக்கொடுப்பதே இதன் நோக்கம் என்று அவர் குறித்த காரணம் முக்கியமானது. பிரெஞ்சு நாகரிகத்தின் லேஸுக்கும் ரிப்பனுக்கும் பணம் பாழாகாமல் உள்நாட்டுத் துணி விற்க வேண்டும் என்பது கணக்கு. ஜான் ஈவ்லின் என்ற இன்னொரு நாட்குறிப்புக்காரர் இந்த உடுப்பைப் பாரசீக மாதிரி என்று எழுதினார்.

முதலில் அது முழங்கால்வரை நீண்டு, கையும் வைத்திருந்தது. அடுத்த நூறு ஆண்டுகளில் நீளம் குறைந்தது, கை போனது, இடுப்போடு நின்ற கையில்லாக் கோட்டாக ஆயிற்று. சிக்கனம் மட்டும் அதன் அமைப்பிலேயே தங்கிவிட்டது. மேலே கோட்டு வந்து மூடுவதால் முதுகுப்பக்கம் யார் கண்ணிலும் படாது. அதனால் முன்பக்கம் இரண்டு துண்டுக்கு மட்டும் நல்ல துணி, முதுகுக்கு முரட்டு லினனோ பருத்தியோ போதும் என்று தையற்காரர்கள் முடிவு செய்தார்கள். கம்பளி வெயிஸ்ட்கோட்டின் முதுகு இன்றும் லைனிங் துணியில் இருப்பதற்கு இதுதான் காரணம்.

அந்த நாளில் இங்கிலாந்தின் செல்வம் ஆட்டு ரோமத்தில் இருந்தது. செத்தவர்களைக்கூடக் கம்பளித் துணியில்தான் சுற்றிப் புதைக்க வேண்டும் என்று 1666-இலும் மறுபடி 1678-இலும் சட்டம் போட்டார்கள். கிழக்கிந்தியக் கம்பெனியும் கப்பலில் கம்பளித் துணி ஏற்றி அனுப்ப வேண்டியிருந்தது. அதை வாங்க இந்த ஊர் வெயிலில் ஆள் கிடைக்கவில்லை. யானைக்கும் குதிரைக்கும் மேல்விரிப்பாக, பல்லக்குக்கு உறையாக, கூடாரத்துக்குச் சீலையாக, பெரிய மனிதர்களுக்கு மரியாதைப் பொருளாக அது போயிற்று.

அந்தத் தடித்த கம்பளித் துணிக்குத் தமிழில் சகலாத்து என்று பெயர். புதுச்சேரி துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளை 1736 தொடங்கிக் கால் நூற்றாண்டு எழுதிய நாட்குறிப்பில் சகலாத்து அடிக்கடி தலைகாட்டுகிறது. யாருக்கு எத்தனை கெஜம் கொடுத்தார்கள், எந்த விருந்தில் கொடுத்தார்கள் என்பதெல்லாம் அரசியல் செய்தி. கெஜக் கணக்கு கூடினால் மதிப்பு கூடியிருக்கிறது என்று பொருள்.

எதிர்த்திசையில் போன துணியின் கதை இன்னும் பெரியது. சோழமண்டலக் கரையிலிருந்து, கையால் எழுதிச் சாயம் ஏற்றிய பருத்தித் துணி கப்பல் கப்பலாக ஐரோப்பாவுக்குப் போனது. தரங்கம்பாடியில் 1620 முதல் டேனிஷ்காரர்களும், நாகப்பட்டினத்தில் 1658 முதல் டச்சுக்காரர்களும் உட்கார்ந்திருந்தார்கள். ஆம்ஸ்டர்டாமிலும் லண்டனிலும் வசதியானவர்கள் வீட்டில் போடும் மேலங்கியைச் சாயத்துணியில் தைத்துக்கொண்டார்கள். தங்கள் பிழைப்பு போகிறது என்று கொதித்த ஆங்கிலக் கம்பளி, பட்டு நெசவாளர்கள் 1719-இல் லண்டன் தெருக்களில் பெண்கள் உடுத்தியிருந்த காலிகோ துணியைக் கிழித்தார்கள். அச்சிட்ட பருத்திக்கு எதிராக 1700-இலும் 1721-இலும் சட்டங்கள் வந்தன. வீரமாமுனிவர் இந்தப் பக்கத்தில் ஊழியம் செய்துகொண்டிருந்த காலத்தில், சில காதத் தொலைவில் இருந்த துறைமுகத்து மூட்டைகளுக்காக லண்டனில் கலவரமே நடந்திருக்கிறது.

நம் ஊர் ஆட்டின் ரோமம்

கம்பளி என்றால் சீமைச் சரக்கு என்று நினைத்துவிடக் கூடாது. திருச்சி, பெரம்பலூர் வட்டாரங்களுக்கே உரிய செம்மறி இனம் ஒன்று உண்டு. பெயர் திருச்சிக் கறுப்பு. உடம்பு முழுக்கக் கறுப்பு, உருவம் சிறியது, ரோமம் மிகவும் முரடு. கோட்டுத் துணிக்கு ஆகாது, போர்வைக் கம்பளிக்கு ஆகும்.

குறும்பர் சமூகத்தினர் இந்த மாதிரி ரோமத்தைக் கத்தரித்து, வில்லால் அடித்துப் பஞ்சாக்கி, கதிரில் நூற்று, குழித்தறியில் நெய்தார்கள். தக்காணம் முழுவதும் கம்பளி நெசவில் பாவுக்குப் புளியங்கொட்டைக் கஞ்சி போடும் வழக்கம் உண்டு. கஞ்சி காய்ந்தால் நூல் விறைத்துத் தறியின் இழுப்பைத் தாங்கும். ஆட்டுக்கிடை போடுகிறவர், இரவு வயலில் தண்ணீர் கட்டுகிறவர், மழையில் வண்டி ஓட்டுகிறவர் தோளில் கிடந்தது அந்தக் கறுப்புக் கம்பளி. தலையிலிருந்து கொங்காணி மாதிரி மடித்துப் போட்டுக்கொண்டால் மழைநீர் வழுக்கி ஓடும். தைக்க வேண்டிய தேவையே அதற்கு வரவில்லை.

மெல்லிய ரோமத்துக்கு மலை ஏற வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் நீலகிரியில் குடியேறிய ஆங்கிலேயர்கள் கோயம்புத்தூர் ஆட்டோடு டாஸ்மேனிய மெரினோ, செவியட், சவுத்டவுன் கிடாக்களைச் சேர்த்தார்கள். அந்தக் கலப்பில் நீலகிரி ஆடு உருவாயிற்று. தென்னிந்தியாவில் உடுப்புக்கு ஏற்ற மென்மையான ரோமம் தரும் ஆடு இதுதான். ஊட்டிக்குப் பக்கத்தில் சாண்டிநல்லாவில் உள்ள செம்மறி ஆராய்ச்சி நிலையம் இந்த இனத்தைப் பேணிவருகிறது. மேய்ச்சல் நிலம் தேயிலைத் தோட்டமாக மாற மாற, மலையில் இந்த ஆட்டின் எண்ணிக்கை மிகவும் சுருங்கிப்போனது.

கோட்டு யார் போடலாம்?

சகலாத்து, பெரிய மனிதரின் தோளிலிருந்து சாமானியன் உடம்புக்கு வந்த முதல் வழி பட்டாளம். கம்பெனியின் மதராஸ் சிப்பாய்கள் சிவப்புச் சகலாத்துச் சட்டை போட்டார்கள். உடுப்பு எத்தனை பெரிய விஷயம் என்பது 1806 ஜூலை 10-ஆம் தேதி விடியற்காலை வேலூர்க் கோட்டையில் தெரிந்தது. தோல் பட்டை வைத்த புதுத் தலைப்பாகை போட வேண்டும், நெற்றிக்குறியும் கடுக்கனும் கூடாது என்ற உத்தரவு அந்தக் கிளர்ச்சிக்கு உடனடிக் காரணங்களில் ஒன்று. உடம்பில் எதைப் போடுவது என்று இன்னொருவன் ஆணையிட்டதற்கு ரத்தத்தால் பதில் வந்தது.

தெற்கே திருவிதாங்கூரில் போராட்டம் வேறு விதமாக நடந்தது. நாடார் பெண்கள் மார்பை மறைத்து உடுத்துவதற்குத் தடை இருந்தது. மிஷனரிகளின் மனைவிமார் வெட்டிக் காட்டிய குப்பாயத்தைப் பெண்கள் தைத்துப் போட்டுக்கொண்டார்கள். எதிர்த்தவர்கள் தெருவில் அதைக் கிழித்தார்கள், பெண்கள் மறுபடி தைத்தார்கள். 1820-களில் தொடங்கி முப்பது ஆண்டுகளுக்கு மேல் நீடித்த தோள்சீலைப் போராட்டத்தின் முடிவில், 1859 ஜூலை 26-ஆம் தேதி மன்னரின் பிரகடனம் வந்தது. அந்தக் காலத்திலேயே நாகர்கோவிலில் மால்ட் அம்மையார் லேஸ் பின்னும் பள்ளி நடத்தினார். ஊசி வேலையால் வந்த கூலி பல பெண்களை அடிமைத்தளையிலிருந்து மீட்டது. வீட்டில் உட்கார்ந்து ஒரு மேலாடை தைப்பது அற்பக் காரியம் என்று நினைப்பவர்கள் இந்த வரலாற்றைப் படிக்க வேண்டும்.

காவிரிப் படுகையில் கோட்டை ஊருக்குள் கொண்டுவந்தவை கச்சேரியும் கல்லூரியும். வக்கீலுக்குக் கறுப்புக் கோட்டு. வாத்தியாருக்கு மூடிய கழுத்துக் கோட்டு, கீழே பஞ்சகச்சம், தலையில் தலைப்பாகை. பாரதியாரின் கறுப்புக் கோட்டைத் தெரியாத தமிழர் இல்லை. கொள்ளிடத்துக்குத் தெற்கே கும்பகோணத்தில் வளர்ந்த கணித மேதை ராமானுஜன் 1914 மார்ச் 17-ஆம் தேதி சென்னையில் கப்பல் ஏறுமுன் குடுமியை எடுத்து, சீமை உடுப்பும் ஷூவும் போட்டுப் பழக வேண்டியிருந்தது. கேம்பிரிட்ஜ் குளிருக்குக் கம்பளி தேவைதான். ஆனால் அந்த உடுப்பில் நடப்பதற்கே முதலில் பயிற்சி வேண்டியிருந்தது.

படிக்காதவர்களும் கோட்டுப் போட்டார்கள். திருச்சி, தஞ்சை, சேலம் மாவட்டங்களிலிருந்து இலங்கை மலைநாட்டுக்கு ஆயிரக்கணக்கில் ஆட்கள் போனார்கள். தோட்டத்தில் தொழிலாளிக்குக் கிடைத்தது கம்பளி. அதைத் தலையிலும் முதுகிலும் போர்த்துக்கொண்டு பனியில் கொழுந்து பறித்தார்கள். ஆள் கட்டிக்கொண்டு போன கங்காணிக்கோ கோட்டு. வேட்டிக்கு மேல் கோட்டு, தலைப்பாகை, கையில் குடை, சிலருக்கு மார்பில் கடிகாரச் சங்கிலி. அந்தக் காலப் புகைப்படங்களில் இந்தக் கோலம் திரும்பத் திரும்ப வருகிறது. ஒரே மலை, ஒரே குளிர். ஒருவர் தோளில் தைக்காத கம்பளி, இன்னொருவர் மேல் தைத்த கம்பளி. யார் யாரை வேலை வாங்கினார்கள் என்பதை அந்தத் தையலே சொல்லிவிடும்.

மெஷின் வந்தது

ஐசக் சிங்கர் அமெரிக்காவில் 1851 ஆகஸ்டில் காப்புரிமை பெற்றார். ஐந்தே ஆண்டில் அவருடைய கம்பெனி தவணை முறையைக் கொண்டுவந்தது. கொஞ்சம் பணம் கட்டி மெஷினை எடுத்துப்போய், தைத்துச் சம்பாதித்து மீதியை அடைக்கலாம். இந்தியாவில் பார்சி வணிகர் ஒருவரின் முகவாண்மையில் சிங்கர் மெஷின் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் நகரம் நகரமாகப் பரவிற்று. தையற்காரர் கடைத்திண்ணையில் மெஷினோடு உட்காரும் காட்சி அப்போதுதான் பிறந்தது.

1921 செப்டம்பர் 22-ஆம் தேதி மதுரையில் காந்தி தொப்பியையும் மேல்சட்டையையும் களைந்து அரையாடைக்கு மாறினார். கதர் வாங்க முடியாத ஏழையின் முன் முழு உடுப்போடு நிற்க அவருக்கு மனம் ஒப்பவில்லை. அதே காந்தி 1924-இல் இயந்திரங்களைப் பற்றிப் பேசும்போது சிங்கர் தையல் மெஷினுக்கு மட்டும் விலக்குக் கொடுத்தார். தன் மனைவி கையால் தைத்துச் சிரமப்படுவதைப் பார்த்த சிங்கரின் அன்பில் பிறந்த கருவி அது என்பது அவர் சொன்ன காரணம். தைத்த சட்டையைத் துறந்தவரே தைக்கும் கருவியை ஏற்றுக்கொண்டார். மற்றொரு பக்கம், கையில்லாத கதர்க் கோட்டும் கம்பளிக் கோட்டும் காங்கிரஸ்காரர்களின் அடையாளமாகி, பிற்பாடு நேரு ஜாக்கெட் என்ற பெயரில் உலகம் சுற்றின. கதர்க் கடைகளில் இன்றும் அவை தொங்குகின்றன.

1930-களில் கல்கத்தாவில் உஷா மெஷின் உருவானது. உள்நாட்டு மெஷினின் விலை ஒரு நடுத்தரக் குடும்பம் எட்டிப்பிடிக்கிற அளவுக்கு இறங்கியதும் அது கடைத்திண்ணையிலிருந்து வீட்டுத் திண்ணைக்கு வந்தது. சீர்வரிசையில் மெஷின் சேர்ந்தது. கன்னியர் மடங்களிலும் மாதர் சங்கங்களிலும் தையல் வகுப்புகள் நடந்தன. ஆதரவற்ற பெண்களுக்கு அரசு சத்தியவாணி முத்து அம்மையார் பெயரில் இலவச மெஷின் கொடுக்கிறது. அரியலூர், பெரம்பலூர் கிராமங்களில் மிதி மெஷின் சத்தம் கேட்காத தெரு அபூர்வம். வாடிக்கைக்காரர் வந்து அளவு ஜாக்கெட்டைக் கொடுத்துவிட்டுப் போவார். அதைப் பார்த்தே புதியதை வெட்டிவிடுவார்கள். நாடா வைத்து அளப்பதைவிட அது சரியாக இருக்கும் என்பது அவர்கள் அனுபவம்.

பழைய கோட்டு, புதிய வெயிஸ்ட்கோட்

இத்தனை கைமாறி வந்த அறிவு ஒரு வீட்டு மெஷினில் எப்படிச் சேருகிறது என்பதை ஒரு வெயிஸ்ட்கோட்டை வைத்தே பார்க்கலாம். புதுக் கம்பளித் துணி வாங்கினால், ஐம்பத்தெட்டு அங்குல அகலத்தில் முக்கால் மீட்டர் போதும். முதுகுக்கு லைனிங் துணி. அந்த முக்கால் மீட்டரும் கைக்கு எட்டாத விலை என்றால் பழைய கோட்டு இருக்கிறது. தாத்தாவின் பெட்டியிலோ பழைய துணிக் கடையிலோ கிடைக்கும். அசல் கம்பளியா என்று பார்க்க ஓரத்திலிருந்து இரண்டு நூலை உருவித் தீயில் காட்டினால் போதும். முடி கருகும் வாடை வந்து, விரலில் பொடியும் சாம்பல் மிஞ்சினால் கம்பளி. உருகி, கறுப்பு மணியாக இறுகினால் பாலியெஸ்டர்.

கோட்டைப் பிரிக்கும்போதுதான் பழைய தையற்காரரின் கைத்திறன் தெரியும். லைனிங்கை அவிழ்த்தால் மார்புப் பக்கம் கேன்வாஸ் இருக்கும். அதைத் துணியோடு பிடித்திருக்கும் சின்னச் சின்னக் கைத்தையல், சாய்வாக, வரிசை வரிசையாக, வெளியே ஒரு புள்ளிகூடத் தெரியாமல். கழுத்துப் பட்டை வளைந்து நிற்பது அந்தத் தையலால்தான். அதை எறியாமல் எடுத்துவைத்தால் புது வெயிஸ்ட்கோட்டின் முன்பக்கத்துக்கே ஆகும்; பக்ரம் வாங்கும் செலவு மிச்சம். வெளிப்பக்கம் வெளிறியிருந்தாலும் உள்பக்கம் புதுசாக இருக்கும். அதைத் திருப்பிப் போட்டுத் தைப்பது ஐரோப்பியத் தையற்காரர்கள் நூற்றாண்டுகளாகச் செய்த சிக்கனம்.

பிரித்த துணியை நேராக வெட்டக் கூடாது. கம்பளி ஈரம் பட்டால் சுருங்கும். ஈரத் துணியை மேலே விரித்து இஸ்திரிப் பெட்டியை அழுத்தி அழுத்தி எடுத்து, ஆவியிலேயே அதன் சுருக்கத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். பிறகு ஒரு பழைய பருத்தித் துணியில் வெட்டி, ஓடுதையல் போட்டு, உடம்பில் வைத்துப் பார்க்க வேண்டும். தவறு என்றால் போவது பழந்துணிதான். தோளும் கைக்குழியும் சரியாக உட்கார்ந்தபின் அதையே அளவாக வைத்துக் கம்பளியை வெட்டலாம். மெஷினுக்குப் பதினாறாம் நம்பர் ஊசி. மிதி மெஷின் மெதுவாகக் குத்தும், அழுத்தமாகக் குத்தும். தடித்த துணிக்கு அது நல்லது.

கடினமான இடம் பை. முன்துண்டைக் கத்தியால் கீறி, கீறலின் வாயில் பட்டை வைத்து, உள்ளே பையைத் தொங்கவிட வேண்டும். மூலை ஒரு நூல் கூடுதலாக வெட்டுப்பட்டால் பிசிர் வந்துவிடும். கங்காணியும் ஜமீன்தாரும் கடிகாரம் வைத்த பை இதுதான். அடுத்தது காஜா. மெஷின் காஜா வேகமாக முடியும். கைக் காஜா எடுத்தால், பழைய மாதிரி உடுப்புக்கு உரிய தடித்த ஓரம் வரும். நூலில் மெழுகு தேய்த்து, ஒவ்வொரு குத்துக்கும் ஒரு முடிச்சு விழுகிற மாதிரி எடுக்க வேண்டும். ஆறு பொத்தானுக்கு ஒரு பகல் பொழுது போகும். தைத்து முடித்த கம்பளியைப் பூச்சி அரிக்காமல் வைக்க வேப்பிலையும் அந்துருண்டையும் நம் வீடுகளில் ஏற்கெனவே இருக்கின்றன.

மார்கழிப் பனியைத் தவிர இந்த வட்டாரத்தில் கம்பளிக்கு வேலை இல்லைதான். ஆனால் ஏலாக்குறிச்சிப் பக்கத்துப் பிள்ளைகள் இன்று கொள்ளிடக் கரையோடு நிற்பதில்லை. ஊட்டியில், பெங்களூரில், கனடாவில் வேலை பார்க்கிறார்கள். கல்யாண வரவேற்பு மேடையில் கோட்டுப் போடாத மாப்பிள்ளை குறைந்துவருகிறார். ஒரு மாலைக்கு மட்டும் கோட்டை வாடகைக்கு எடுக்கும் பழக்கமும் பரவிவிட்டது. அந்தச் செலவுக்குப் பதில் ஒரு நல்ல வெயிஸ்ட்கோட்டை வீட்டிலேயே தைத்தால், அது பல ஆண்டுகள் அலமாரியில் இருக்கும். உடம்பு கொஞ்சம் பெருத்தாலும் முதுகுப்பட்டையைத் தளர்த்திப் போட்டுக்கொள்ளலாம்.

கையும் இல்லை, முழுக் கழுத்துப் பட்டையும் இல்லை, முதுகு மலிவுத் துணி. ஜாக்கெட் தைத்துப் பழகிய ஒருவர் கோட்டு வேலைக்குள் நுழைய இதைவிட எளிய உடுப்பு கிடையாது. கைக் காஜாவும் கீறிய பையும் தெரிந்த முதிய தையற்காரர்கள் கடைத்தெருக்களில் இன்னும் இருக்கிறார்கள், ஆனால் ரெடிமேட் வந்தபின் அவர்களிடம் கோட்டு வேலை வருவது குறைந்துபோனது. மெஷின் கொடுக்கும் திட்டங்களும் தையல் வகுப்பு நடத்தும் அமைப்புகளும் அந்த முதியவர்களை ஒரு மாதமாவது அழைத்து, பெண்களுக்கு இந்த இரண்டு வேலையையும் கற்றுக்கொடுக்கச் சொல்ல வேண்டும். கூடவே, வெட்டும் அளவுகளைத் தமிழில் வரைந்த காகித மாதிரிகளும் நீலகிரி ஆட்டு ரோமத்தில் நெய்த துணியும் சமவெளிக் கடைகளுக்கு வந்தால், ஆடும் துணியும் தையலும் மூன்றும் இந்த மண்ணிலேயே விளைந்த ஒரு கம்பளி வெயிஸ்ட்கோட்டை அரியலூர் வீடுகளில் தைத்துவிட முடியும்.